மருத்துவ ஆய்வு வடிவமைப்புகளின் வகைப்பாடு

ஒரு மருத்துவ ஆய்வு எந்த முறையில் நடத்தப்பட்டது என்பதை வரையறுத்த பெயர்களால் குறிக்கும் ஏற்பாடு. சிகிச்சையை ஆய்வாளரே முடிவுசெய்தாரா, நடந்ததைக் கவனிக்க மட்டும் செய்தாரா, ஒப்பிட இன்னொரு குழு இருந்ததா என்ற கேள்விகளே வகை பிரிக்கும் அடிப்படை.

பெயர்கள் வருமுன்பே முறைகள் இருந்தன. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட், ‘சாலிஸ்பரி’ கப்பலில் ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே சீக்கிரம் தேறினார்கள். 1926-இல் ஜேனட் லேன்-கிளேபான், மார்பகப் புற்றுநோய் கண்ட சுமார் 500 பெண்களையும் அந்நோய் இல்லாத ஏறக்குறைய அதே அளவு பெண்களையும் விசாரித்து ஒப்பிட்டார். இன்று அது நோயாளர்–ஒப்பீட்டாளர் ஆய்வு எனப்படும்.

பிரிட்டனில் 1948-இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு சமவாய்ப்புச் சோதனைக்கு முன்மாதிரியானது. காசநோயாளிகள் 107 பேரில் யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்ற முடிவு, புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில் வகுத்த சமவாய்ப்பு எண்வரிசைப்படி, ஒட்டிய உறைகளுக்குள் இருந்தது. நோயாளியைச் சேர்த்துக்கொண்ட பிறகே உறை பிரிக்கப்பட்டது. மருத்துவரின் விருப்பம் நுழைய வழியில்லை என்பதே இதன் பெரும் பலம். இதே முறையில், 1956-இல் தொடங்கிய சென்னை சேத்துப்பட்டு காசநோய் மையம் நோயாளிகளை வீட்டிலும் சானடோரியத்திலும் வைத்துச் சிகிச்சையளித்து ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சையும் போதுமானதே என்று 1959-இல் வந்த அதன் முடிவு, ஏழை நாடுகளின் காசநோய்த் திட்டங்களையே மாற்றியது.

பெயர்கள் பெருகியபோது குழப்பமும் பெருகியது. நோயாளிகளிடம் பழைய பழக்கங்களைக் கேட்டறிவதும் பின்னோக்கு ஆய்வு, பழைய பதிவேடுகளில் ஒரு குழுவைத் தொடர்ந்துபார்ப்பதும் பின்னோக்கு ஆய்வு என்றானது. இரண்டும் பிழைபடும் விதம் வேறு. முன்னதில் நினைவு ஏமாற்றும், பின்னதில் பதிவு விடுபட்டிருக்கும். ஒரே பெயரிட்டால் எந்தப் பிழையைத் தேடுவதென்று வாசகருக்குத் தெரியாமல் போகும்.

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம், கட்டுரைகளுக்குக் குறிச்சொல் இடுவதற்கான ‘மெஷ்’ என்னும் சொற்பட்டியலை 1960-இல் வெளியிட்டது. அதன் சொற்கள் பெரும்பாலும் ஆய்வின் பொருளைக் குறித்தன. சமவாய்ப்புச் சோதனை என்பது தனியொரு வெளியீட்டு வகையாக 1991-இல்தான் அந்நூலகத்தின் கட்டுரைத் தரவுத்தளமான மெட்லைனில் இடம்பெற்றது. இந்தத் தாமதத்துக்கு விலை உண்டு. நடந்து முடிந்தவையென அறியப்பட்ட சோதனைகளில் ஏறத்தாழ பாதியே மெட்லைன் தேடலில் அகப்பட்டன என்று 1994-இல் கே டிக்கர்சின் குழுவினர் காட்டினர். ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளையெல்லாம் தேடித் தொகுத்து மதிப்பிட 1993-இல் அமைந்த காக்ரேன் கூட்டமைப்பின் தன்னார்வலர்கள் பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிச் சோதனைகளைக் கண்டெடுக்க, நூலகம் அவற்றுக்கு உரிய பெயரை மறுபடி பதிந்தது. பாராட்டு அதிகம் பெறாத இந்த உழைப்பில்லாமல் அத்தகைய தொகுப்புகளான இன்றைய முறைசார் மீளாய்வுகள் அரைகுறையாகவே இருந்திருக்கும்.

கட்டுரையாசிரியர்களே வடிவமைப்பைத் தெளிவாக எழுத வேண்டுமெனச் சோதனைகளுக்கு 1996-இல் ‘கன்சார்ட்’, கவனிப்பாய்வுகளுக்கு 2007-இல் ‘ஸ்ட்ரோப்’ ஆகிய வழிகாட்டிகள் வந்தன. 2022 முதல் மெட்லைனில் சொல் குறிக்கும் வேலையைக் கணினி நிரல் செய்கிறது. தேவைப்படும் இடங்களில் மனிதர்கள் சரிபார்க்கிறார்கள்.