கச்சான் காற்றும் ஊவாத் தேயிலையும்

டார்ஜிலிங், சீனத்துக் கீமுன், இலங்கையில் எங்கள் ஊவா. வாசனைக்குப் பேர்போன தேயிலைகள் என்று இந்த மூன்றையும் ஒரே வரிசையில் வைப்பார்கள். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் டீ மேக்கராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அந்த வாசனை ஆண்டு முழுக்க வராது. ஆடியும் ஆவணியும்தான் அதன் காலம். மற்ற மாதங்களில் அனுப்பியதும் நல்ல சரக்குத்தான். ஆனால் கொழும்பு ஏலத்தில் காத்திருந்து வாங்கியது இந்தப் பருவத்துத் தேயிலையை.

காரணம் மலை. தென்மேற்குப் பருவமழை திம்புள்ளைச் சரிவுகளிலேயே கொட்டித் தீர்த்துவிடும். முகட்டைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும் காற்றில் ஈரம் இருக்காது. அதைத்தான் கச்சான் என்கிறோம். நமுனுகுல மலைச்சரிவு பகலில் காயும், இரவில் குளிரும். செடி வளர்ச்சியை அடக்கிக்கொள்ளும். கொழுந்தில் வாசனை ஏறும். அந்த வாசனையில் ஒரு பங்கு மெதில் சாலிசிலேட் என்ற பொருளுடையது. கொழுந்து பறித்து வந்த பெண்கள் இரவில் முழங்காலுக்குத் தேய்க்கும் வலித்தைலத்தில் மூக்கைத் துளைப்பதும் அதுவேதான்.

இந்த மலைகளில் முதலில் இருந்தது காப்பி. 1869-இல் இலங்கைக்குள் வந்த இலைத்துரு நோய் அதைத் தின்று தீர்த்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே கண்டிப் பக்கம் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். ஊவாவும் அந்த வழிக்கு வந்தது. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் கூட்டிவந்த சனம், பட்டுப்போன காப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலைக் கன்று நட்டது. 1890-இல் தாமஸ் லிப்டன் வந்து, அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னை உட்படத் தோட்டங்களை வாங்கினார். அந்தப் பத்தாண்டிலேயே ரயில் பண்டாரவளை வரை வந்துவிட்டது. பதுளைக்கு வந்து சேர 1924 ஆயிற்று.

அன்று நட்டதெல்லாம் விதைத் தேயிலை. அசாம் சாதியும் சீனச் சாதியும் கலந்தது; ஒரு செடியைப் போல் அடுத்த செடி இராது. பிற்காலத்தில் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம், கிளைத்துண்டிலிருந்து வளர்க்கும் வீ.பீ. ரகங்களைக் கொடுத்தது. அவற்றில் டி.ஆர்.ஐ. 2025 மலையெங்கும் பரவியது. விளைச்சல் அதிலே கூடுதல். என் நாக்கு மட்டும் இன்னும் விதைத் தேயிலையின் கட்சி.

கச்சான் காலத்தில் ஃபெக்டரிக்கு வேறு நடைமுறை. கொழுந்தை நன்றாக வாடவிட்டு, இரவுக் குளிரில் உருட்டி, நொதிக்கும் நேரத்தைக் குறைப்போம். கொஞ்சம் அசந்தால் வாசனை போய்ச் சாயம் மட்டும் மிஞ்சும்.

அந்தப் பருவத்து பி.ஓ.பி. என்ற இலைத் தரம் ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் போனது. பால் ஊற்றினாலும் அதன் சுரீரென்ற துவர்ப்பு அடங்காது; வெண்ணெய் கேக்கின் திகட்டலை ஒரு வாயில் வெட்டும். என்னைக் கேட்டால் அதற்குத் தோது, கோதுமைமா ரொட்டியும் கட்ட சம்பலும்தான். சம்பல் எரிந்துகொண்டிருக்கும்போது பால் இல்லாத சாயத் தண்ணியை ஒரு மிடறு குடித்துப் பார்க்க வேண்டும். ஆனால் லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்ட மக்கள் அந்த ரொட்டியோடு குடித்தது டஸ்ட் என்ற தூள். பி.ஓ.பி. பெட்டியில் ஏறிப் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. செடி வளராத மாதம் என்றால் கூடையும் நிறையாது. மேலதிக கிலோவுக்குக் கிடைக்கும் காசு அப்போது இல்லை. ஏலத்தில் விலை உச்சிக்குப் போன வாரங்களில்தான் லயத்தில் கடைக்கடன் ஏறியது. அதை நான் ஆண்டுதோறும் பார்த்தேன். ஊவாத் தேயிலையின் வரலாற்றை எழுத வருகிறவர்கள் ஏல விலைப் பட்டியலை மட்டும் புரட்டினால் போதாது. அதே ஆடி, ஆவணி மாதத்துச் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.