எளிய இல்லங்களின் அணிகலை: கோலமும் தோரணமும்

அரண்மனைகளின் அணிநலத்தைக் காப்பியங்களும் கல்வெட்டுகளும் விரிவாகப் பேசுகின்றன. குடிசையின் அழகுக்கு அத்தகைய சான்று மிகுதியாக இல்லை. காலையில் இட்ட கோலம் மாலைக்குள் கலைந்துவிடும். இன்று கட்டிய ஓலைத் தோரணம் சில நாள்களில் வாடிவிடும். அகல்விளக்கின் திரி விடியுமுன் எரிந்து தீரும். ஆயினும், தாயின் கையிலிருந்து மகளின் கைக்கு மாறி மாறி வந்த இவ்வெளிய கலைகள், மன்னர்கள் எழுப்பிய மாடங்கள் பலவற்றைக் காட்டிலும் நீண்ட ஆயுள் பெற்றுள்ளன. செலவின்றிச் செய்யத்தக்கவை என்பதே அவற்றின் வலிமை. பொருளில்லாத வீட்டிலும் பொலிவு இருக்கலாம் என்பதை மெய்ப்பித்தவை அவை. அவற்றின் வரலாற்றைத் தொகுத்து நோக்குதல் தமிழ் மாணவர்க்குப் பெரிதும் பயன் தருவதாகும்.

இலக்கியம் காட்டும் சான்றுகள்

பருவத்தையொட்டி மனையையும் மறுகையும் அணிசெய்யும் வழக்கம் சங்க காலத்திலேயே வேரூன்றியிருந்தது. அகநானூற்றின் 141ஆம் பாட்டில், மழை நீங்கிய வானில் நிறைமதி கார்த்திகை மீனோடு கூடிய நள்ளிரவில், தெருக்களில் விளக்கேற்றி மாலைகளைத் தொங்கவிட்டு மூதூர் மக்கள் ஒன்றுகூடிக் கொண்டாடிய விழாவை நக்கீரர் குறிப்பிடுகின்றார். விளக்கும் மாலையும் அன்றி வேறு பொருள் அங்கே பேசப்படவில்லை. கார்காலம் முடிந்ததை ஊர் தனக்குத் தானே அறிவித்துக்கொண்ட முறை அது.

மணிமேகலையின் விழாவறை காதை இன்னும் தெளிவான சித்திரத்தைத் தருகின்றது. இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன், ஊரார் செய்யவேண்டிய பணிகளை வரிசையாகச் சொல்கின்றான். தோரணம் கட்டுதல், நிறைகுடம் வைத்தல், முளைப்பாலிகை பரப்புதல், பாவை விளக்கு ஏற்றுதல், குலை தாங்கிய கமுகையும் வாழையையும் கரும்பையும் நடுதல், தெருவில் பழைய மணலை நீக்கிப் புதிய மணலைப் பரப்புதல் என்பன அவற்றுட் சில. இன்று ஒரு தமிழ்த் திருமணத்திற்கோ கோயில் விழாவிற்கோ செல்வோர், வாயிலில் குலைவாழையையும் தோரணத்தையும், உள்ளே நிறைகுடத்தையும் முளைப்பாலிகையையும் காண்கின்றனர். அன்றைய முரசறைவோனின் பட்டியல் இன்றும் பெரும்பாலும் அப்படியே நிறைவேற்றப்படுகின்றது என்பது வியப்புக்குரியது.

ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழியின் தொடக்கத்தில், தைத் திங்களில் தரையைத் தூய்மை செய்து, வட்டமாக மண்டலமிட்டு, வெண்ணிற நுண்மணலால் தெருவை அணிசெய்து நோன்பு நோற்கும் பெண்ணைக் காண்கின்றோம். இதனை இன்றைய கோலத்தின் நேர் முன்னோடி என்று உறுதியாகக் கூறுதல் இயலாதெனினும், தரையே ஓவியப் பலகையாகவும் வெண்பொடியே வண்ணமாகவும் அமைந்த ஒரு மரபு அக்காலத்தில் இருந்தது என்பதற்கு இப்பாசுரங்கள் தக்க சான்றாகும்.

கோலத்தின் இலக்கணம்

கோலம் என்னும் சொல் அழகு, ஒப்பனை, வடிவம் என்னும் பொருள்களிற் பண்டு வழங்கியது. வாசலில் இடும் வடிவத்திற்கே அச்சொல் சிறப்பாக உரியதானமை, தமிழ்ப் பெண்கள் தம் வாசலை எவ்வளவு மதித்தனர் என்பதைக் காட்டும். பெருக்கிய தரையில் சாணநீர் தெளித்து, ஈரம் காயுமுன் பச்சரிசி மாவை விரல்களின் நடுவே நழுவவிட்டு இழையாக இழுப்பதே பழைய முறை. மாவு எறும்புக்கும் சிற்றுயிர்க்கும் உணவாகும். மார்கழியில் சாண உருண்டையின் மேல் பூசணிப்பூவைச் செருகிக் கோலத்தின் நடுவே வைப்பர். விழா நாள்களில் அரிசியை ஊறவைத்து அரைத்த மாவை நீரில் கரைத்து இடுவது மாக்கோலம் அல்லது இழைக்கோலம் எனப்படும். அதனைச் சுற்றிச் செங்காவி பூசுவர்.

புள்ளிக் கோலத்திற்கு உறுதியானதோர் இலக்கணம் உண்டு. புள்ளிகளை நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என இருவகையாக அமைப்பர். நேர்ப்புள்ளியில் 1, 3, 5, 7, 5, 3, 1 என்னும் வரிசைகள் 25 புள்ளிகளைத் தரும். ஊடுபுள்ளியில் 4, 5, 6, 7, 6, 5, 4 என்னும் வரிசைகள் 37 புள்ளிகளைத் தரும். புள்ளிகளை இணைத்து வரைவது ஒரு முறை. புள்ளிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றி வளைத்து, புறப்பட்ட இடத்திற்கே இழையைக் கொண்டுவந்து முடிப்பது சிக்குக் கோலம். எங்கே திரும்புவது, எங்கே கடப்பது என்பதை வரைபவர் எழுதிவைத்துக்கொள்வதில்லை. எழுத்தறியாத பாட்டியார் நூற்றுக்கணக்கான வடிவங்களை நினைவிலும் விரலிலும் தேக்கி வைத்திருந்தனர்.

இந்த நினைவாற்றலுக்குள் ஒளிந்திருந்த கணிதத்தை அறிஞர் உலகம் பிற்காலத்திலேயே உணர்ந்தது. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களைக் கணினி மொழியியலின் துணைகொண்டு ஆராய்ந்து, 1974ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டனர். ஒரு சிறிய வடிவத்திலிருந்து சில விதிகளின்படி பெரிய வடிவங்களை விரித்துக்கொண்டே செல்லலாம் என்பது அவ்வாய்வின் அடிப்படையாகும். அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் 2002ஆம் ஆண்டில் இக்கலையைப் பற்றி எழுதி, உலகக் கணித ஆர்வலரின் கருத்தை இதன்பால் திருப்பினார். வாசல் பெருக்கும் வேலையோடு சேர்த்து எண்ணப்பட்ட ஒரு கலை, பல்கலைக்கழகங்களின் கரும்பலகையை எட்டியது.

ஓலையும் ஈர்க்கும்

தோரணமும் செலவற்ற கலையே. தென்னையின் விரியாத குருத்தோலையை எடுத்து, நடுவிலுள்ள ஈர்க்கை நீக்கி, ஓலையை மடித்துக் கத்தியால் ஆங்காங்கே கீறி, கீறிய நறுக்குகளை முறைப்படி செருகினால் குருவியும் பூவும் சங்கிலியும் உருவாகும். நீக்கிய ஈர்க்கே ஊசியாகவும் ஆணியாகவும் பயன்படும். கயிறு, பசை, கம்பி எதுவும் வேண்டுவதில்லை. ஒரே மரம் பொருளையும் கருவியையும் சேர்த்தே தந்துவிடுகின்றது. மங்கல நிகழ்ச்சிக்கு மடிக்கும் முறை வேறு. துக்க நிகழ்ச்சிக்கு மடிக்கும் முறை வேறு. தொலைவிலிருந்து வரும் உறவினர், வாயிலில் தொங்கும் ஓலையைக் கண்டே வீட்டின் நிலையை அறிந்துகொள்வர்.

கடல் கடந்த கலை

19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கரும்பு, காப்பி, ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழர்கள் மலாயாவிற்கு வந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டில் ஒழிந்தது. கங்காணி முறையில் ஆள்சேர்ப்பு 1938ஆம் ஆண்டுவரை நீடித்தது. வந்தோர் பெரும்பாலும் ஒரு மூட்டைத் துணியும் ஒரு சில பாத்திரங்களுமே கொண்டுவந்தனர். ஆனால் கோலம் விரலில் இருந்தது. தோரணம் கையில் இருந்தது. அவற்றிற்குக் கப்பல் கட்டணம் தேவைப்படவில்லை.

புதிய நாட்டில் ஒரு பெரிய வேறுபாடு அவர்களுக்காகக் காத்திருந்தது. தமிழகத்தில் மார்கழிப் பனியும் தைமாத அறுவடையும் ஆடிப்பெருக்கும் நிலமே அறிவிக்கும் செய்திகள். மலாயாவிலோ ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும். ரப்பர்க் காட்டில் நெற்கதிர் முற்றுவதில்லை. ஆண்டிற்கொருமுறை இலையுதிர்ந்து துளிர்ப்பதே அங்குள்ள பருவம். அத்தகைய மண்ணில், கரும்பும் மாவிலையும் கோலமும் வாசலில் தோன்றியபோதுதான் தை பிறந்தது என்று தோட்டத்துப் பிள்ளைகள் அறிந்தனர். தாயகத்தில் பருவம் விழாவைக் கொணர்ந்தது. மலாயாவில் விழாவின் அணிகளே பருவத்தைக் கொணர்ந்தன.

தோட்டத்து லயங்களில் வீடுகள் ஒரே அளவாக, ஒரே வரிசையாக, ஒரே நிறமாக இருந்தன. ஆண்களும் பெண்களும் விடியுமுன்னரே பெரட்டுக்குச் செல்லவேண்டியிருந்தமையால், நாள்தோறும் விரிந்த கோலமிட நேரம் வாய்க்கவில்லை. ஆயினும் விழா நாள்களில் அடுத்தடுத்த வாசல்களில் வெவ்வேறு கோலங்கள் மலர்ந்தன. எண்ணிட்டு அடையாளம் காட்டப்பட்ட வீடுகள், அன்று அவரவர் கைவண்ணத்தால் அடையாளம் பெற்றன. வண்ணத்தாளை முக்கோணமாக வெட்டி, மாவுப் பசையால் சணல் கயிற்றில் ஒட்டிக் கோயில்வரை கொடி கட்டுவது இளைஞர் பணியாயிற்று. நிருவாகம் கட்டித்தந்த கொட்டகையைத் தம் இல்லமாக மாற்றிக்கொள்ள அத்தொழிலாளர்களுக்கு இருந்த வழிகளுள் இஃது ஒன்று.

ஜப்பானியர் ஆட்சி நிலவிய 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகள் இக்கலைக்கும் சோதனைக் காலமாயின. அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்குமே உணவாயின. தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம் மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, திரும்பாமலே போயினர். உண்ண அரிசி இல்லாத வீட்டில் வாசலுக்கு மாவு ஏது? அந்த ஆண்டுகளுக்குப் பின்னரும் கோலம் மீண்டும் தோன்றியதெனின், அது கடைச்சரக்காக இல்லாமல் நினைவின் சொத்தாக இருந்தமையே காரணமாகும்.

போருக்குப் பின், 1952ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாள், பொங்கலைத் தமிழர் அனைவர்க்கும் பொதுவான பண்பாட்டு விழாவாக முன்னிறுத்தியது. வீட்டு வாசலில் இருந்த பொங்கல் ஊர்மன்றத்திற்கும் வந்தது.

அண்டை வீட்டாரின் கலைகள்

பல்லினம் வாழும் இந்நாடுகளில் எளிய அணிகலை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. மலாய் மக்கள் அதே தென்னங்குருத்தோலையைப் பின்னிக் கெத்துப்பாட் கூடு செய்கின்றனர். நோன்புப் பெருநாளில் அக்கூட்டின் வடிவமே வீட்டிற்கும் வீதிக்கும் அணியாகின்றது. சீனப் புத்தாண்டு முடிந்தபின், சிவப்பு அங்பாவ் உறைகளை மடித்து ஒட்டி விளக்குக்கூடு செய்யும் வழக்கம் சீனர் இல்லங்களிலும் பள்ளிகளிலும் உண்டு. ஓலையும் தாளும் மடிப்பதற்கு எளியவை, யாவர்க்கும் கிட்டுபவை. ஒரே மரத்தின் ஓலை ஒரு வீட்டில் தோரணமாகவும் அடுத்த வீட்டில் கெத்துப்பாட்டாகவும் மாறுவதை மாணவர்க்குக் காட்டினால், அண்டையாரை மதிக்கும் பாடத்தை அதைவிடத் தெளிவாக வேறெதுவும் கற்பிக்காது.

நகர வாழ்வும் மாற்றமும்

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டபின், மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். மலேசியாவில் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியும் போகவே, லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் நகர்ப்புறம் நோக்கி நகர்ந்தன. மண்வாசல் மறைந்து, பொது நடைபாதையும் பளிங்குத் தரையும் வந்தன. சாணம் தெளிக்க இடமில்லை. ஓலை வெட்ட மரமில்லை. அரிசி மாவின் இடத்தைக் கல்மாவும், கல்மாவின் இடத்தை ஒட்டுத்தாள் கோலமும் பிடித்தன. பிளாஸ்டிக் மாவிலைகள் ஆண்டு முழுவதும் வாடாமல் நிலைப்படியில் தொங்குகின்றன.

இதனை முற்றிலும் வீழ்ச்சி எனக் கூறுதல் பொருந்தாது. பச்சரிசிக்கு வண்ணமூட்டி, பேரங்காடிகளின் கூடங்களில் தீபாவளிக்காக இடப்படும் பெருங்கோலங்கள் மலேசியாவில் வளர்ந்த புதுமையாகும். பிற இனத்தாரும் நின்று பார்த்து மகிழ்கின்றனர். எனினும், பார்ப்போர் பெருகி வரைவோர் குறைவது ஒரு கலைக்கு நல்ல அறிகுறி அன்று. வாடாத மாவிலை பருவத்தைச் சொல்வதில்லை. என்றும் தொங்குவது எந்த நாளையும் குறிப்பதில்லை. வாடுவதனாலேயே பச்சை மாவிலை ஒரு நாளைத் திருநாளாக்குகின்றது.

ஆசிரியர் கையில் உள்ளது

கலை மறையும்போது அதனோடு சொற்களும் மறைகின்றன. குருத்து, ஈர்க்கு, இழை, ஊடுபுள்ளி, பாலிகை, காவி முதலிய சொற்களை அகராதியில் மட்டும் காணும் மாணவன், அவற்றைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றான். ஒருமுறை ஓலையைக் கிழித்து ஈர்க்கை உருவியவன் அச்சொல்லை மறவான்.

மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. பொங்கலையொட்டிக் கோலப் போட்டிகள் நடைபெறும் பள்ளிகள் பல. போட்டியோடு நின்றுவிடாமல், அதனைப் பாடமாகவும் ஆக்கலாம். கணக்குப் பாடத்தில் புள்ளி வரிசைகளைக் கூட்டச் செய்யலாம். இலக்கியப் பாடத்தில் விழாவறை காதையைப் படித்து, அதிற் கூறிய அணிகளுள் இன்றும் எஞ்சியிருப்பவற்றைப் பட்டியலிடச் செய்யலாம். கைத்தொழில் வேளையில் ஓலை கிடைக்காவிடின் பழைய நாளிதழை மடித்துத் தோரணம் செய்யப் பழக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, மாணவர்கள் தம் பாட்டியாரை அணுகி, அவர்கள் நினைவிலுள்ள கோலங்களைப் புள்ளி எண்ணிக்கையோடு ஒரு குறிப்பேட்டில் வரைந்து வாங்கும்படி செய்யலாம். ஒரு வகுப்பில் 30 மாணவர் இருந்து, ஒவ்வொருவரும் 5 கோலம் கொணர்ந்தால், ஒரே ஆண்டில் 150 கோலங்கள் கொண்ட ஏடு அப்பள்ளிக்கு உரிமையாகும்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. குழுவும் கட்டடமும் வேண்டுவதில்லை. வேண்டுவது காலம் ஒன்றே. லயத்து வாசலில் மாவு தூவிய கைகளுட் பல ஓய்ந்துவிட்டன. எஞ்சியிருக்கும் கைகளும் நடுங்கத் தொடங்கிவிட்டன. அவ்விரல்கள் அறிந்ததை இளைய விரல்கள் கற்றுக்கொள்ள இன்னும் வாய்ப்பு உண்டு. அவ்வாய்ப்பு நெடுநாள் நீடிக்காது என்பதை உணர்ந்து செயற்படுதல் தமிழாசிரியர்தம் கடமையாகும்.