எல்லைக்கோட்டின் குரல்: புத்தூர் அயலும் யாழ்ப்பாணத்து உதைபந்தாட்டப் பார்வையாளரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் விளையாட்டு வரலாறு பெரும்பாலும் வெற்றிக் கேடயங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கல்லூரி மலர்களும் கழகங்களின் ஆண்டுவிழா மலர்களும் அணித்தலைவர்களின் பெயர்களையும் பெற்ற கோல்களின் எண்ணிக்கையையும் பேணி வைத்துள்ளன. எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் யாவர், அவர்கள் பாடியது யாது, அப்பாட்டு எங்கிருந்து வந்தது என்னும் வினாக்கள் அம்மலர்களில் இடம்பெறுவது அரிது. கூட்டத்தின் குரல் வெறும் இரைச்சல் என்றே கொள்ளப்பட்டது. அவ்விரைச்சலுக்கும் ஒரு சமூக வரலாறு உண்டு. அது பொதுவிடத்தில் நிற்கவும் குரலெழுப்பவும் யாருக்கு உரிமை இருந்தது என்னும் வினாவோடு பிரிக்கவொண்ணாதவாறு பிணைந்துள்ளது. இதனைப் புத்தூரையும் அதன் அயலையும் நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புத்தூர் வலிகாமம் கிழக்கிலுள்ள விவசாயக் கிராமம். யாழ்ப்பாணத்திலிருந்து கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி வழியாகப் பருத்தித்துறை செல்லும் வீதி இவ்வூரை ஊடறுத்துச் செல்கிறது. மேற்கே சுன்னாகத்தை நோக்கியும் கிழக்கே மீசாலையை நோக்கியும் வீதிகள் பிரிகின்றன. வற்றாத நீருக்குப் பெயர்பெற்ற நிலாவரைக் கிணறு அண்மையில் உள்ளது. புகையிலை, வெங்காயம், மரக்கறி ஆகியன துண்டு துண்டான தோட்டக் காணிகளில் இடைவிடாது பயிரிடப்படும் இத்தகைய சூழலில், நிலம் என்பது அங்குலக் கணக்கில் மதிக்கப்படும் பொருளாகும். நூறு மீற்றர் அளவு நீளமான உதைபந்தாட்டத் திடலுக்கு இங்கு இடம் காண்பது எளிதன்று. பதினெட்டு மீற்றர் நீளமும் ஒன்பது மீற்றர் அகலமும் கொண்ட களம் போதுமான கரப்பந்தாட்டம் அயலூரான ஆவரங்காலில் வேரூன்றிப் புகழ் பெற்றமைக்கு இந்நிலவியல்பும் ஒரு காரணமாகலாம். பாடசாலை வளவு, கோயில் வீதி, அறுவடை முடிந்த வயல் என்பனவே உதைபந்துக்குக் கிடைத்த வெளிகள். இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் உடைமையாளர் இருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. திடலின் உடைமை பற்றிய கேள்வியை விடுத்துப் பார்வையாளரின் பாட்டைப் பற்றிப் பேச முடியாது.

உதைபந்து வருவதற்கு முன்னர் இம்மண்ணின் விளையாட்டுகளிற் பாட்டின் இடம் யாது என்பதை முதலில் நோக்குதல் தகும். சடுகுடுவில் எதிரணியின் எல்லைக்குள் நுழைபவன் பாடிக்கொண்டே நுழைகிறான். அவனது மூச்சு அறாதிருத்தலுக்குப் பாட்டே சான்று. பாட்டு நின்றால் ஆட்டக்காரன் தோற்றான். இங்கு பாட்டு ஆட்டத்துக்குப் புறம்பான அலங்காரமன்று. ஆட்டத்தின் விதியே அதுதான். கலித்தொகையின் முல்லைக்கலி காட்டும் ஏறுதழுவுதலிலும் ஆட்டமும் பாட்டும் தொடர்ந்து வருவன. ஏறு தழுவி முடிந்தபின் ஆயர் குரவையாடுகின்றனர். பார்த்திருந்தோரும் பங்குகொண்டோரும் ஒரே ஆயர்குடியினர்; இருவருக்கும் இடையே கிழிக்கப்பட்ட கோடு எதுவும் இல்லை.

உழைப்பிலும் இதுவே நிலை. கரைவலை இழுப்போரும் தோணி வலிப்போரும் பாடிய அம்பாப் பாட்டு, பலரின் உடல்வலுவை ஒரே கணத்தில் ஒன்றுசேர்க்கும் கருவியாயிருந்தது. ஒருவன் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடும் அவ்வமைப்பு, இன்று உலகெங்கும் விளையாட்டரங்குகளிற் கேட்கும் கூட்டுக் குரலின் அமைப்பை ஒத்தது என்பதைப் பின்னர் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மிஷன் கல்லூரிகளின் வழியாக வந்த ஆங்கில விளையாட்டுகள் ஓர் அடிப்படை மாற்றத்தைக் கொணர்ந்தன. உதைபந்தாட்டத்தில் ஆட்டக்காரன் பாடுவதில்லை. நடுவரின் ஊதுகுழலே அங்கு அதிகாரம் பெற்ற ஒலி. சுண்ணாம்பினால் வரையப்பட்ட கோடு ஆடுவோரையும் பார்ப்போரையும் இரண்டாகப் பிரித்தது. களத்தினுள் இடமிழந்த பாட்டு கோட்டைத் தாண்டி வெளியே வந்தது. பார்வையாளன் அதனைத் தனதாக்கிக் கொண்டான். இவ்விடமாற்றமே நவீன விளையாட்டரங்கின் பண்பாட்டைத் தோற்றுவித்தது எனலாம். ஆடும் உரிமை பதினொருவருக்கே கிடைத்தபோது, பாடுவதே ஏனையோருக்கு எஞ்சிய பங்கேற்பாயிற்று.

ஆயினும் முதலிற் பாடியவர்கள் கிராம மக்கள் அல்லர். 1904ஆம் ஆண்டு தொடங்கிய, யாழ். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டப் போட்டி, பிற்காலத்தில் ‘வடக்கின் பெரும் போர்’ என்று பெயர்பெற்றது. கல்லூரிக் கொடி, ஆங்கில ஆரவாரச் சொற்கள், பின்னாளில் தென்னிலங்கையிலிருந்து வந்து கலந்த பப்பரே வாத்தியம் என்பன இத்தகைய போட்டிகளின் அடையாளங்கள். பழைய மாணவர் என்ற உறவே அங்கு குரலெழுப்புவதற்கான தகுதி. கட்டணம் செலுத்திக் கல்லூரியிற் படிக்க இயலாதவனின் தொண்டைக்கு அப்பாட்டில் இடமிருக்கவில்லை.

இங்கிலாந்தின் அனுபவத்தோடு இதனை ஒப்பிடுவது பயனுடையது. அங்கு ஆலைத் தொழிலாளர் சனிக்கிழமை பிற்பகல் ஓய்வைப் பெற்ற பின்னரே உதைபந்தாட்டம் வெகுசன விளையாட்டாயிற்று. 1927ஆம் ஆண்டு எவ்.ஏ. கிண்ண இறுதிப் போட்டியில் கூட்டத்தினரைப் பாடவைக்கும் ஏற்பாடு மேலிருந்து செய்யப்பட்டது. கிறித்தவ வழிபாட்டுப் பாடல் ஒன்று அன்று தொட்டு அப்போட்டியின் மரபாயிற்று. அதற்கு மாறாக, 1960களில் லிவர்பூல் கழகத்தின் ‘கொப்’ எனப்படும் நின்று பார்க்கும் படிவரிசையில் பாட்டு கீழிருந்து எழுந்தது. 1945ஆம் ஆண்டின் ‘கரோசல்’ இசைநாடகத்துக்குரிய பாடலொன்று, 1963இல் அந்நகர இசைக்குழு ஒன்றினால் இசைத்தட்டாக வெளிவந்து, துறைமுகத் தொழிலாளரின் வாயில் கழகத்தின் கீதமாக மாறியது. 1989இல் ஹில்ஸ்பரோ அரங்கில் நேர்ந்த நெரிசலில் 97 பேர் உயிரிழக்கக் காரணமாயினர் என்ற பழி முதலில் இப்பாடும் கூட்டத்தின் மீதே சுமத்தப்பட்டது. அப்பழி பொய்யென்று 2016இல் நீதிவிசாரணை தீர்த்தது. விபத்தையடுத்து வந்த ரெய்லர் அறிக்கை இருக்கைகளை விதித்தது. 1994இல் கொப்பின் நிற்கும் படிகள் மறைந்தன. பாதுகாப்பு கூடியது, நுழைவுக் கட்டணமும் உயர்ந்தது, பாடுவோரின் வர்க்கமும் மெல்ல மாறலாயிற்று. நிற்கும் இடம் மாறும்போது பாட்டும் மாறுகிறது என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

யாழ்ப்பாணத்தில் நிற்கும் இடத்தைத் தீர்மானித்தது வர்க்கம் மட்டுமன்று, சாதியுமாகும். ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் ஏனையோருடன் சமமாக வாங்கில் அமர்தல் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரும் பிணக்காயிற்று. 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரசின் வழிவந்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சமாசனத்தையும் சமபோசனத்தையும் வலியுறுத்தியது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. எனினும், கோயிற் கதவுகளும் தேநீர்க்கடைகளும் சட்டத்தினால் மட்டும் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம் முற்றவெளிக் கூட்டத்தில் நிறைவுற்றது; 1968இல் மாவிட்டபுரம் கோயில் முன்றலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. முற்றவெளி விளையாட்டுக்குரிய வெளியாகவும் இருந்தது என்பது இங்கு கருதத்தக்கது. ஒருவன் முழக்கமிடப் பலர் ஏற்றொலிக்கும் ஊர்வலக் குரலும், ஒருவன் தொடங்கப் பலர் தொடரும் எல்லைக்கோட்டுக் குரலும் ஒரே பயிற்சியின் இரு வெளிப்பாடுகள்.

கோயிலின் உள்வீதியில் தேவாரம் பாட அனுமதிக்கப்படாதவர்களுக்குக் கூட்டாகப் பாடும் பொதுவிடம் எது? வாசிகசாலையும் சனசமூக நிலையமும் அவற்றைச் சார்ந்து எழுந்த விளையாட்டுக் கழகமுமே பல கிராமங்களில் அவ்விடத்தை வழங்கின. கழகத்தின் பெயரைக் கூவுதல் என்பது, ஊரின் ஏனைய பகுதியினர் பெயர்சொல்லி மதிக்காத ஒரு குறிச்சியின் பெயரைப் பலர் அறியக் கூவுதலாகும். விளையாட்டு ஆர்வத்தை மிஞ்சிய உணர்ச்சி இக்குரல்களில் ஒலித்தமைக்கு இதுவே காரணம்.

ஆயின் இதனை வெறும் புகழுரையாக முடித்தல் வரலாற்றுக்குப் பொருந்தாது. கழகங்கள் பெரும்பாலும் குறிச்சி வழியே அமைந்தன; குறிச்சிகளோ சாதிவழி அமைந்தவை. எனவே சாதியை மறுத்த அதே எல்லைக்கோடு சில வேளைகளிற் சாதியை மீள வரையவும் செய்தது. சினிமா மெட்டுகளிற் சொற்களை மாற்றிப் பாடும் நையாண்டி, கூத்தின் தர்க்கப் பாடல்களை நினைவூட்டும் எதிர்ப்பாட்டு என்பவற்றோடு வசையும் கலந்தது. ஒற்றுமையை வளர்க்கும் பாட்டே பிறரை இழிக்கும் பாட்டாகவும் மாறும் இவ்விரட்டைத்தன்மை கிளாஸ்கோ நகரின் சமயவழிப்பட்ட கழகப் பகைமையிலும் காணப்படுவதே.

பறையின் நிலை இவ்வகையில் தனித்து ஆராயத்தக்கது. யாழ்ப்பாணச் சமூகத்தில் பறையொலித்தல் குறித்த ஒரு பிரிவினர் மீது குடிமைத் தொழிலாகச் சுமத்தப்பட்டிருந்தது. இழவு வீட்டில் ஏவலின்படி பறையடிக்க மறுத்தல் சமத்துவப் போராட்டத்தின் ஒரு படியாக அமைந்தது. அதே தோற்கருவியை ஓர் இளைஞன் தன் அணிக்காகத் தானே விரும்பித் திடலின் ஓரத்தில் முழக்கும்போது, ஒலி ஒன்றாயினும் அதன் சமூகப் பொருள் வேறு. ஏவலுக்கு அடித்த கை மகிழ்ச்சிக்கு அடிக்கிறது. ஆயினும் அவனை அடிக்கச் சொல்லிவிட்டு ஏனையோர் கைகட்டிப் பார்த்து நிற்பார்களாயின், பழைய உறவே புதிய இடத்தில் தொடர்கின்றது என்றே கொள்ளல் வேண்டும். கருவியை யார் கையில் எடுக்கின்றனர் என்பதே உரைகல்.

கரையோரத்தின் நிலை இதனின்று வேறுபட்டது. குருநகர், நாவாந்துறை முதலான கடற்றொழிற் குடியிருப்புகளில் உதைபந்தாட்டம் வாழ்க்கையோடு ஒன்றிய விளையாட்டாயிற்று. குருநகர்க் கழகமொன்று ‘பாடும்மீன்’ என்னும் பெயர் பூண்டிருப்பது சுவையான பொருத்தம். கத்தோலிக்க நாட்டுக்கூத்து மரபும் அம்பாப் பாட்டின் பழக்கமும் இணைந்த இம்மக்களிடம் உரத்துப் பாடும் பயிற்சி தலைமுறைதோறும் தொடர்ந்தது. மறுபுறம், உள்நாட்டுத் தோட்டக் கிராமங்களில் துலா மிதித்து நீரிறைத்த காலம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் நீரிறைக்கும் இயந்திரத்தின் வரவால் மறையலாயிற்று. பலர் கூடிச் செய்த வேலை ஒருவரால் முடிவதாயிற்று. உழைப்பிற் கூட்டுக் குரலுக்கான தேவை குறைந்த இடத்தில், மாலைநேரத் திடல் அத்தேவையை ஓரளவு நிறைவு செய்தது.

இதனையடுத்து ஒலிபெருக்கி வந்தது. போட்டி நிகழ்ச்சிகளை அழகு தமிழில் வருணிக்கும் அறிவிப்பாளர் கிராமத் திடல்களிற் செல்வாக்குப் பெற்றார். அவரது நயமான மொழி இரசிகரைக் கவர்ந்தது உண்மையே. ஆயினும் ஒரு குரல் பெருக்கப்படும்போது பல குரல்கள் அமிழ்கின்றன. பாடிய கூட்டம் கேட்கும் கூட்டமாக மாறும் போக்கு போருக்கு முன்னரே தொடங்கிவிட்டது.

போர் திடல்களையே பறித்தது. ஊரடங்கு மாலைப்பொழுதை விழுங்கியது. கூட்டம் கூடுதலே ஆபத்தாயிற்று. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வெளியேற நேர்ந்தபோது, புத்தூர் அயலின் கிராமங்களும் வெறிச்சோடின. 1975இற் கொல்லப்பட்ட யாழ். மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பாவின் பெயர் தாங்கிய விளையாட்டரங்கில், 1999ஆம் ஆண்டுப் புனரமைப்பின்போது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஆரவாரத்துக்கென அமைந்த வெளி புதைகுழியாயிருந்தது. இந்திய உதவியுடன் புதுக்கப்பெற்ற அவ்வரங்கு 2016 யூன் 18இல் மீளத் திறந்துவைக்கப்பட்டது. புதிய இருக்கைகளில் அமர்ந்து ஆர்ப்பரிக்கும் தலைமுறைக்கு அந்நிலத்தின் நினைவையும் கையளிப்பது ஆய்வாளரின் கடமையாகும்.

போருக்குப் பிந்திய தலைமுறையில் இரு மாற்றங்கள் குறிப்பிடத்தக்கன. முதலாவது, பெண்களின் வருகை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணி தேசிய மட்டத்தில் வெற்றிகளை ஈட்டியதன் மூலம், ஆண்களின் தனியுடைமையாயிருந்த களமும் கோட்டோரமும் புதிய குரல்களுக்குத் திறந்தன. இரண்டாவது, புலம்பெயர்ந்தோரின் பங்கு. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கோடைகாலத்தில் நடைபெறும் பழைய மாணவர், ஊர்ச்சங்கப் போட்டிகளில் ஊரின் பெயர் மீண்டும் கூவப்படுகிறது. 2012இல் அமைந்த தமிழீழ உதைபந்தாட்ட அணி, 2014இல் சுவீடனின் ஒஸ்டர்சுண்ட் நகரில், சர்வதேச அங்கீகாரம் பெறாத அணிகளுக்கான உலகப் போட்டியில் பங்குபற்றியது. திடலை இழந்தோர் குரலையேனும் காத்துக்கொள்ள முயல்வதன் வெளிப்பாடுகளாக இவற்றைக் கொள்ளலாம். ஆயினும் ஊரின் பெயர் தூரத்திலிருந்து கூவப்படும்போது, ஊருக்குள் இருந்த குறிச்சிகளின் வேறுபாடு மறைக்கப்பட்டுவிடுவதும் உண்டு.

அவ்வேறுபாடு இன்னும் மறையவில்லை என்பதைப் புத்தூரே உணர்த்துகிறது. 2017இல் இவ்வூரின் கலைமதிக் கிராம மக்கள், தம் குடியிருப்புகளின் நடுவே அமைந்த மயானத்தை அகற்றக் கோரிப் போராடினர். வாழும் நிலத்தையும் எரிக்கும் நிலத்தையும் பற்றிய தீர்மானத்தில் தமக்கும் குரலுண்டு என்பதே அவர்களின் அடிப்படைக் கோரிக்கை. விளையாடும் நிலத்தைப் பற்றிய வரலாறு இதனின்றும் வேறானதன்று.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், விளையாட்டரங்கின் சூழல் என்பது இயல்பாகத் தோன்றும் உற்சாகமன்று என்பது தெளிவாகும். யார் திடலுக்கு வரலாம், எங்கு நிற்கலாம், எவர் கருவியை எவர் முழக்கலாம் என்னும் சமூக உறவுகளே அதனை உருவாக்குகின்றன. எமது பல்கலைக்கழகம் நாட்டார் பாடல்களைத் தொகுக்கும்போது தாலாட்டையும் ஒப்பாரியையும் அம்பாவையும் நாடிச் செல்கிறது; கோட்டோரத்துப் பாட்டை நாடுவதில்லை. அச்சேறாத அப்பாடல்களை அறிந்த முதியோர் எம்மிடையே இன்றும் வாழ்கின்றனர். வசையென்றும் கொச்சையென்றும் ஒதுக்காது அவற்றை ஒலிப்பதிவு செய்து, பாடியோரின் குறிச்சி, தொழில், காலம் என்பவற்றோடு ஆவணப்படுத்துதல் உடனடித் தேவையாகும். கோல்களின் எண்ணிக்கை ஏற்கெனவே எம்மிடம் உண்டு. குரல்களின் கணக்கு இனித்தான் எடுக்கப்படல் வேண்டும்.