மூடுபனியில் ஸ்டெட்டின்

நார்வே ஓவியர் பேடர் பால்கே 1864இல் தீட்டிய எண்ணெய்வண்ண ஓவியம். ஒஸ்லோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, கடலோரத்தில் செங்குத்தாக எழும் 1,392 மீட்டர் உயரப் பாறைச் சிகரம் ஸ்டெட்டின். ஓவியத்தில் அதன் அடிவாரம் பனிமூட்டத்தில் கரைந்துவிட, உச்சி மட்டும் கருத்துத் திரண்டு நிற்கிறது.

பால்கே (1804–1887) மியோசா ஏரியின் ஹெல்கோயா தீவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1832 கோடையில் கடல்வழியாக நார்வேயின் வடகோடிக்குச் சென்றார். அப்பகுதியை நேரில் கண்டு வரைந்த முதல் ஓவியர்களுள் அவரும் ஒருவர். பின்னர் ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஓவியர் யோகான் கிறிஸ்டியன் டாலிடம் பயின்றார்.

1846இல் பாரிஸ் சென்ற பால்கே, வடநார்வேக் காட்சிகளை பிரெஞ்சு அரசர் லூயி பிலிப்பிடம் காட்டினார். அரசருக்கு அவை அந்நியமானவையல்ல. பிரெஞ்சுப் புரட்சியால் நாடிழந்து திரிந்த இளமையில், 1795இல், புனைபெயரோடு நார்வேயின் வடகோடியிலுள்ள நோர்ட்காப் முனைவரை போய்வந்தவர் அவர். அரை நூற்றாண்டுக்கு முன் தாம் கண்ட பாறைகளையும் அலைகளையும் பெரிய ஓவியங்களாக்கித் தரும்படி பால்கேயைப் பணித்தார். ஆனால் 1848 பிப்ரவரிப் புரட்சியில் அரசரே முடிதுறந்தார், பணி நின்றது. அதற்கெனத் தீட்டிய சிறு மாதிரிகளில் இருபதுக்கும் மேற்பட்டவை லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளன. பெரிய ஓவியங்களாகாமலே போனாலும், சிறிய சட்டத்துக்குள் புயலையே அடக்கியவை அவை.

1849இல் பால்கே லண்டன் சென்றார். அங்கு ஆங்கில ஓவியர் டர்னரின் ஓவியங்கள் அவரைப் பாதித்திருக்கலாம் என்பது சிலர் கருத்து. டிரெஸ்டனில் பெற்ற, ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் பிரீட்ரிக்கின் தாக்கமே வலுவானது என்பர் வேறு சிலர். 1850 முதல் கிறிஸ்டியானியாவில் (இன்றைய ஒஸ்லோ) வாழ்ந்து, தொழிலாளர்களுக்காக பால்கேபி குடியிருப்பை உருவாக்கினார். அது 1879இல் தீக்கிரையானது.

ஸ்டெட்டின் ஓவியம் வடக்குப் பயணத்துக்கு 32 ஆண்டுகள் கழித்துப் பிறந்தது. அதனால் இதில் நிலவியல் துல்லியத்தைவிட நினைவின் அழுத்தமே மேலோங்குகிறது. பிற்காலச் சிறு ஓவியங்களில் வெண்பூச்சின்மேல் மெல்லிய கருவண்ணத்தைத் தடவி, துணியாலும் விரலாலும் துடைத்தே ஒளியையும் நுரையையும் வரவழைத்தார். அவற்றுள் பல தேதியிடப்படாதவை. காலக்கணிப்பில் ஆய்வாளர் வேறுபடுகின்றனர்.

ஸ்டெட்டின் 2002இல் நார்வேயின் தேசிய மலையாகத் தேர்வானது. 2014இல் லண்டன் தேசிய ஓவியக்கூடமும் 2017இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் பால்கே கண்காட்சிகளை நடத்தின.