பபூனும் பபுவினும்

நாடக மேடையின் ‘பபூன்’ குரங்கின் பெயரால் வந்தவன் என்று சொல்வோர் பெருகிவிட்டனர். சேட்டை செய்கிறான், ஆகவே குரங்காம். தமிழில் இரண்டு அயற்சொற்கள் ஒரே ஒலியாய்த் திரண்டதால் வந்த மயக்கம் இது. கோமாளியைக் குறிக்கும் பபூனுக்கு மூலம் ‘பஃபாரே’ என்னும் இத்தாலியச் சொல். கன்னத்தை உப்பி ஊதுதல் என்பது பொருள். அதில் குரங்கு இல்லை.

குரங்கைக் குறிக்கும் மற்றச் சொல்லோ குரங்கிலிருந்தே தொடங்கவில்லை. 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சில் ‘பபுவின்’ என்றால் பேதை. வாய் பிளந்து நிற்கும் உருவத்துக்கும் அதுவே பெயர். (நகையின் நிலைக்களன்களில் பேதைமையைத் தொல்காப்பியர் வைத்ததை நினைக்க.) ஆங்கிலத்தில் அது ‘பாபெவின்’ ஆகி, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விகார உருவ அலங்காரத்தையே குறித்தது. ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் ‘புகழ் மாளிகை’யில் கட்டட வேலைப்பாடுகளோடு சேர்த்து இதை எண்ணுகிறார். விலங்குப் பொருள் 1400ஐ ஒட்டித்தான் ஏறுகிறது.

கையெழுத்து ஏடுகளின் ஓரங்களில் அந்த உருவங்களைப் பார்த்தவர்க்கு ஐயமே எழாது. கார்ல்ஸ்டன் சங்கீத ஏட்டில் நடுவே தாவீதின் பாட்டு. ஓரத்தில் முயல்கள் சவ ஊர்வலம் போகின்றன, வீரன் ஒருவன் நத்தையோடு பொருதுகிறான். ஸ்மித்ஃபீல்டு டெக்ரீட்டல்ஸ் திருச்சபைச் சட்ட நூல். அதன் பக்க அடியில் முயல்களே வேடனைக் கட்டி இழுத்து, விசாரித்து, தலையை வெட்டுகின்றன. சட்டத்தின் காலடியிலேயே ஒரு வழக்குமன்றம்! வேறு ஏடுகளில் குரங்கு வைத்தியர் நோயாளியின் சிறுநீர்க் குடுவையைத் தூக்கிப் பார்க்கிறார். குரங்கு, முயல், பாதி மனிதன், பாதி மீன் எல்லாம் பபுவின்களே. குரங்கிலிருந்து பெயர் வந்திருந்தால் முயலுக்கு அதில் பங்கேது?

இவ்வோவியங்களைச் ‘சிற்றோவியம்’ என்பதும் இத்தகைய பிழையே. ‘மினியேச்சர்’ சிறுமையால் வந்த பெயரன்று. ‘மினியம்’ என்பது ஈயச் செந்தூரம். அதனால் எழுத்தைச் சிவப்பிப்பது ‘மினியாரே’. சிறியது என்ற பொருள், லத்தீன் ‘மினுஸ்’ போல ஒலித்ததால் பின்னர் ஒட்டியது.

‘பப்பப்ப’ என்ற உளறலின் ஒலிக்குறிப்பே பபுவின் என்பாரும் உளர். உளறல் காதுக்கு உரியது. இச்சொல் வாழ்ந்ததோ கண்முன் நிற்கும் உருவத்தில். பிரெஞ்சில் ‘பபூ’ என்றால் முகக்கோணல், ‘பபீன்’ என்றால் தொங்கும் உதடு. பின்னது ஏட்டில் 16ஆம் நூற்றாண்டில்தானே வருகிறது என்பர். வரட்டும். உதட்டைக் குறிக்கும் பேச்சுச் சொல் எழுத்தில் ஏற நாளாகும். ஏட்டோரத்தில் உதட்டைப் பிதுக்கி நிற்கிறதே, அதுவே முதல் பபுவின். காட்டுக் குரங்குக்குப் பெயர் அங்கிருந்துதான் போயிற்று.