பாஸ்டன் குடும்பக் கடிதங்களும் அவற்றின் மூலப்பிரதிகளும்

ஒரு நூலின் பாடம் மெய்யோ பொய்யோ என்னும் ஐயம் எழுந்துழி அதனை அறுதியிட வல்லது மூலப்பிரதியே. அச்சிட்டார் எத்துணை நேர்மையுடையராயினும், அவர் கண்ட ஏடு பிறர் கண்ணுக்கும் புலனாகாதவரை அவர் கூற்று ஒரு சான்றாமேயன்றி முடிவாகாது. ஏடு பார்த்துப் பாடம் ஒப்பிடும் வழக்கமுடைய நம் அன்பர்க்கு இது புதிய செய்தியன்று. இங்கிலாந்து தேசத்துக் குடும்பமொன்றின் கடிதங்கள் நூறாண்டுக் காலம் மூலம் காணப்பெறாது ஐயத்துக்கு இடமாகிப் பின்னர்த் தெளிந்த வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். பாஸ்டன் என்பது அந்நாட்டின் கீழ்பாலுள்ள நார்போக் மாகாணத்துச் சிற்றூர். அமெரிக்க நகரப் பெயரோடு மயங்கற்க.

அவ்வூரிற் கிளெமெண்ட் என்னும் உழவர் ஒருவர் இருந்தார். அவர் கடன் வாங்கித் தம் மகன் வில்லியத்தைப் படிக்கவைத்தார். 1378-இற் பிறந்த அம்மகனார் சட்டங் கற்று நீதிபதியாய் உயர்ந்து, பல கிராமங்களை விலைக்கு வாங்கி, 1444-இல் இறந்தார். உழவன் பேரர்கள் நிலக்கிழாராயினமை அயலிலிருந்த பெருமக்களுக்குப் பொறுக்கவில்லை. அரசர்குடி இரண்டு முடிக்குப் பொருத அக்காலத்தில் நீதிமன்றத்தினும் ஆள்வலியே பெரிதாயிருந்தது. ஆகவே நீதிபதியின் மகன் ஜான் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை இலண்டனில் வழக்காடிக் கழித்தார். ஊரில் நிலங்களைக் காத்தவர் அவர் மனைவி மார்கரெட் அம்மையார். கணவர் தலைநகரிலும் மனைவி கிராமத்திலும் இருந்தமையாற்றான் இத்தனை கடிதங்கள் பிறந்தன.

அவ்வம்மையார் பெயரால் நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் உள. 1448-ஆம் ஆண்டுக் கடிதமொன்றை மாத்திரம் எடுத்துக் காட்டுகின்றோம். கிரெஷாம் என்னும் ஊரை நீதிபதி வில்லியம் ஆங்கிலப் பெரும் புலவராகிய சாஸரின் மைந்தரிடம் வாங்கியிருந்தார். மோலின்ஸ் பிரபு அதனைத் தமதென்று கைப்பற்றிக்கொண்டார். எதிரிகள் வீட்டைப் பலப்படுத்துகின்றனர், இங்குள்ள வீடோ தாழ்ந்தது, நெடுவில்லை வளைத்து எய்ய இடமில்லை, ஆதலாற் குறுக்குவில்லும் அவற்றை நாணேற்றும் கருவியும் அம்பும் வாங்கி அனுப்புக என்று அம்மையார் கணவருக்கு எழுதுகின்றார். அதே கடிதத்தில், வாதுமைப்பருப்பு ஒரு பவுண்டு, சர்க்கரை ஒரு பவுண்டு, குழந்தைகளுக்கு அங்கி தைக்கக் கம்பளித் துணி இவையும் வேண்டுமென்கின்றார். போர்க்கருவியும் அடுக்களைப் பொருளும் ஒரே மூச்சில் வருகின்றன. சரித்திர நூல்கள் அரசர் போரைச் சொல்லும். அப்போர்க்காலத்தில் ஓர் இல்லறத்தாள் எவ்வாறு நாட்கழித்தாள் என்பதை இத்தகைய ஏடு ஒன்றே சொல்லும். பின்னர்ப் பிரபுவின் ஆட்கள் அவ்வீட்டைத் தாக்கி அம்மையாரை வெளியேற்றினர். வந்தவர் ஆயிரவர் என்று ஜான் அளித்த விண்ணப்பங் கூறும்.

இக்கடிதங்களை அவர்கள் போற்றிவைத்தமைக்குக் காரணம் அன்பு மாத்திரமன்று. 1459-இல் மக்கட்பேறின்றி இறந்த சர் ஜான் ஃபாஸ்டால்ஃப் என்பாரின் கேஸ்டர் கோட்டையும் நிலங்களும் மரணசாசனப்படி தமக்கே உரியவென்று ஜான் கூறினார். பிறர் அச்சாசனத்தை மறுத்தனர். தம் உயிர்நலங் கருதி வழிபாடு நிகழ்த்தக் குருமார் கழகமொன்றைக் கேஸ்டரில் நிறுவவேண்டுமென்பது இறந்தவர் விருப்பம். அது நிறைவேறவில்லை, அவ்வறத்துக்குரிய பொருள் பின்னர் ஆக்ஸ்போர்டு மாக்டலன் கல்லூரிக்குச் சென்றது. இறந்தார் அறத்தை இருப்பார் தம் விருப்பப்படி திருப்புதல் எந்நாட்டினும் உள்ளதே போலும். இவ்வழக்கு முடியுமுன் 1466-இல் ஜான் காலமானார். உடனே மார்கரெட் அம்மையார் மூத்த மகனுக்கு எழுதிய கடிதம் நம் கருத்துக்கு மிக இன்றியமையாதது. எழுத்துக்களையும் பத்திரங்களையும் பத்திரமாகக் காக்குமாறும், தந்தையார் தம் இடர்க்காலத்தில் அசையும் பொருள் யாவற்றினும் அவற்றையே பெரிதாக மதித்தாரென்றும் அதில் அறிவுறுத்துகின்றார். 1469-இல் நார்போக் டியூக்கின் படை கேஸ்டரை முற்றுகையிட்டுக் கொண்டது; 1476-இல் அது மீண்டது. கோட்டை கைமாறியது, கடிதப் பெட்டி கைமாறவில்லை.

பின்வந்தோர் யார்மவுத் பிரபு என்னும் பட்டம் பெற்று உயர்ந்து, கடனில் ஆழ்ந்து, 1732-இல் இரண்டாம் பிரபுவோடு வழியற்றனர். அவர்கள் ஏடுகள் பழம்பொருள் ஆராய்ச்சியாளர் சிலர் கைக்கு வந்தன. அவருள் ஒருவராகிய தாமஸ் மார்ட்டின் 1771-இல் இறந்தபின், டிஸ் என்னும் ஊரின் மருந்து வணிகர் ஒருவர் வாங்கினார்; அவரும் 1774-இல் இறக்கவே, ஜான் ஃபென் என்னும் அறிஞர் கையில் அவை சேர்ந்தன.

ஃபென் 1787-இல் இரண்டு தொகுதிகளை வெளியிட்டார். ஒரு பக்கத்திற் பழைய எழுத்துக் கூட்டும், எதிர்ப்பக்கத்தில் அக்காலத்தார்க்கு விளங்கும் எழுத்துக் கூட்டுமாக அச்சிட்டு, கையொப்பம், முத்திரை, காகிதத்தின் நீர்க்குறி ஆகியவற்றையும் படமாகக் காட்டினார். நிலவருவாய், கொடுக்கல் வாங்கல் பற்றிய பகுதிகளைப் படிப்பார்க்குச் சுவைபயவாவென்று விட்டமை அவர் செய்த குறை. இவ்விரு தொகுதிகளின் மூலங்களை மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குக் காணிக்கையாக அளித்து, சர் பட்டம் பெற்றார். மூன்றாம் நான்காம் தொகுதிகள் 1789-இல் வந்தன. ஐந்தாவது அவர் இறந்தபின் 1823-இல் வெளியாயிற்று.

பிறகு மூலங்கள் ஒன்றும் காணப்படவில்லை. மன்னருக்கு அளித்தவை அரசர் நூல்நிலையத்தில் இல்லை. ஏனையவற்றின் இருப்பிடமும் அறியப்படவில்லை. 1865-இல் ஹெர்மன் மெரிவேல் என்னும் அறிஞர், இக்கடிதங்கள் உண்மையானவைதாமோ என்று இரு கிழமைக்கொருமுறை வெளிவந்த இதழொன்றில் வெளிப்படையாக வினவினார். ஃபென்னிடத்தில் நன்மதிப்புடையார் பலர் இதனாற் சினந்தனர். அவ்வினாவில் யாம் குற்றங் காண்கிலேம். எவரும் காணாத ஏட்டை எல்லாரும் மேற்கோள் காட்டிவந்த நிலையில், ஏடு எங்கே என்று கேட்பவன் நூலுக்குப் பகைவனல்லன்.

வினாவின் பயன் உடனே விளைந்தது. அவ்வாண்டிலேயே ஐந்தாந் தொகுதியின் மூலங்கள் ஃபென்னின் உறவினராகிய ஃப்ரியர் குடும்பத்தார் இல்லமொன்றில் வெளிப்பட்டன. இலண்டன் பழம்பொருளாராய்ச்சிச் சங்கத்தார் அவற்றை அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு, உண்மையான கடிதங்களே என்று முடிவு கூறினர். 1866-இற் பிரிட்டிஷ் மியூசியம் அவற்றை வாங்கிற்று. பின்னர் ஜேம்ஸ் கெயிர்ட்னர் என்பார் புதிய பதிப்புச் செய்யப் புகுந்தார். முதல் நான்கு தொகுதிகளுக்கு மூலம் அகப்படாமையின் ஃபென்னின் பாடத்தையே அவர் தழுவ நேர்ந்தது. 1875-இல் அவருடைய கடைசித் தொகுதி முடியுந் தறுவாயில், மூன்றாம் நான்காம் தொகுதிகளின் மூலங்கள் ராய்டன் என்னும் ஊரில் அதே ஃப்ரியர் குடும்பத்தாரின் மற்றொரு வீட்டில் அகப்பட்டன. அவற்றோடு அச்சேறாத கடிதங்கள் பலவும் இருந்தன. பதிப்பு முடிந்தபின் மூலம் கிடைப்பதன் துன்பத்தைப் பதிப்பாசிரியரே அறிவர். எஞ்சியவை, அஃதாவது மன்னருக்கு அளிக்கப்பட்டவை, 1889-இல் ஸபோக் மாகாணத்து ஆர்வெல் பார்க் என்னும் மாளிகையிற் காணப்பட்டன. கெயிர்ட்னர் மனந்தளராது 1904-இல் ஆறு தொகுதிகளாக மறுபதிப்புச் செய்தார். ராய்டன் கடிதங்கள் 1896-இலும், ஆர்வெல் பார்க் கடிதங்கள் 1933-இலும் மியூசியத்தை அடைந்து, இப்போது இலண்டன் பிரிட்டிஷ் நூல்நிலையத்தில் உள்ளன.

மூலங்கள் வந்தபின் அச்சுப் பிரதி காட்டாத ஒன்றும் தெளிவாயிற்று. மார்கரெட் அம்மையார் கடிதங்கள் பலருடைய கையெழுத்தில் உள்ளன. அவர் சொல்ல, வீட்டுக் கணக்கரும் குருமாரும் மக்களும் எழுதியுள்ளனர். 1971-இலும் 1976-இலும் இரு பகுதிகளாகப் புதுப் பதிப்பு வெளியிட்ட நார்மன் டேவிஸ், ஒவ்வொரு கடிதமும் எவர் கையினது என்று ஆராய்ந்து குறித்துள்ளார். எழுதிய கை பலவாயினும் பேசும் வாய் ஒன்றே என்பது படிப்பார்க்கு இனிது விளங்கும்.

இறுதியாக வெளிப்பட்ட ஆர்வெல் பார்க் கட்டில் 1477-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிற் கன்னியொருத்தி எழுதுவித்த கடிதம் இருக்கின்றது. அவள் மார்ஜரி ப்ரூஸ். பெறுவோன் மார்கரெட் அம்மையாரின் இரண்டாம் மகன் ஜான். தந்தை மேற்கொண்டு சீர்ப்பொருள் தர இசையார், தாய் பரிந்து பேசியும் பயனில்லை, நீர் என்பால் மெய்யன்புடையீராயின் அது குறித்து என்னைக் கைவிடீர் என்று கூறுகின்றாள். அக்கடிதத்தையும் தந்தையின் எழுத்தர் ஒருவரே எழுதினார். அடியில் அவள் பெயரின் முதலெழுத்துக்கள் மாத்திரம் உள்ளன. ஜான் அவளை அவ்வாண்டே மணந்தார். இப்பெட்டிகளை 1732 வரை காத்துவந்த யார்மவுத் பிரபுக்கள் அவ்விருவர் வழித்தோன்றல்களே.