மனோரா (கெடா)

தென் தாய்லாந்தில் பிறந்து, மலேசியாவின் கெடா மாநிலத்தில் வாழும் சயாமியரிடையே வழங்கிவரும் ஆடல், பாடல், நாடகக் கலை. தாய்லாந்தில் நோரா என்பர். சிக், பாலிங், பாடாங் தெராப், குபாங் பாசு வட்டாரங்களில் சயாமியர் கிராமங்கள் உள்ளன.

தோற்றம்: இளவரசன் சுதனன், கின்னரப் பெண் மனோகரை ஆகியோரின் காதலே மூலக்கதை. இது வடமொழி திவ்யாவதானத்தில் உண்டு. ஜாவாவின் போரோபுதூர்ச் சிற்பங்களிலும் காணலாம். ஆடல் முறை இந்தியாவிலிருந்து கடல்வழி வந்தது என்பாரும், சோங்க்லா ஏரிக்கரையின் முன்னோர் வழிபாட்டில் முளைத்தது என்பாரும் உளர்.

கெடாவில்: 1821இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) கெடாவைக் கைப்பற்றியது; சுல்தான் 1842இல்தான் திரும்பினார். 10 மார்ச் 1909 பாங்காக் ஒப்பந்தப்படி கெடா ஆங்கிலேயர் வசமானது. எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒரே மொழி பேசும் கிராமங்கள் நின்றன. 1943 முதல் 1945 வரை மீண்டும் தாய்லாந்து ஆட்சி. 1970களிலிருந்து குலாம் சர்வார் யூசோஃப் முதலிய ஆய்வாளர்கள் மனோராவைப் பற்றி எழுதியதால் அதன் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியே விரிவாகப் பதிவாகியுள்ளது.

கருவிகள்: மேளத்தின் உயிர் ‘தாப்’ எனும் இரட்டை ஒருமுக முழவு. நம் மிருதங்கத்தைப் போலவே இதையும் பெரும்பாலும் பலாமரத்தில் குடைவர். தாப் வாசிப்பவர் ஆடுபவரைப் பார்த்தபடியே அமர்வார்; கால் எங்கே நிற்கிறதோ அங்கே தாளமும் நிற்க வேண்டும். ஆட்டம் தாளத்துக்கு அடங்குவதில்லை, தாளமே ஆட்டத்தின் பின்னே செல்கிறது. இத்தகைய வாசிப்பு பல ஆண்டுப் பழக்கத்தில்தான் கைவரும். கோலால் அடிக்கும் ‘கிளோங்’ இருமுகப் பறை. மரப்பெட்டிக்குள் தொங்கும் ‘மோங்’ சேகண்டிகள் இரண்டும் வெவ்வேறு சுருதி கொண்டவை. ‘சிங்’ என்பது கைத்தாளம். இவற்றோடு மரக்கட்டைகளும் ஒலிக்கும். பாட்டைத் தொடரும் ஒரே ஊதுகருவி ‘பீ’. பனையோலைச் சீவாளி நான்கு மடிப்பு கொண்டது. நடுவில் புடைத்த மரக்குழலுக்கு நாகசுரத்தின் அகன்ற அணைசு இல்லை. மலாய்ச் செருனாயைப் பயன்படுத்திய குழுக்களும் உண்டு.

மணிகள் கோத்த மேலாடை, பறவை வால், உயர்ந்த மகுடம், நீண்ட வளைந்த நகங்கள் ஆகியவை ஆடுவோரின் கோலம். முன்பு ஆண்களே ஆடினர். நேர்த்திக்கடனாகவும் ஆட்டம் நடக்கும். குருவணக்கச் சடங்கு தாய்லாந்தில் புதனன்று தொடங்கி வெள்ளியன்று முடிவது மரபு.

தொடர்புடைய கலைகள்: கெடாவின் நிழற்கூத்தான வாயாங் கூலிட் கெடேக் பெரும்பாலும் இதே கருவிகளையே கொண்டது. ஜித்ரா அருகே வாங் தெப்பூசில் வாழும் மெக் மூலோங்கை மனோராவின் உறவாகச் சிலர் கருதுவர். அதன் மேளத்தில் ரெபானாவே முதன்மை.

அண்மைக்காலம்: தாய்லாந்தின் நோரா 2021இலும், மெக் மூலோங் 2023இலும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றன.